குண்டூசியை எடுக்காதவர்

அன்புள்ள அக்காவுக்கு எலி எழுதிக்கொள்வது.

நீ நலமா, வேலை எப்படி என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன்னோடு அறையில் இருக்கும் அந்த நர்ஸ் அக்காவிடம்கூட வேண்டாம். ஃபோனிலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிடாதே. அம்மாவின் ஃபோன் இப்போது அம்மாவிடம் இருப்பதில்லை. நீ கூப்பிட்டால் யார் எடுக்கிறார் என்று உனக்கே தெரியும். அவர் காதில் இது விழக் கூடாது.

ஹால் மூலையில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெரிய விளக்கைப் போடவில்லை. உலக உருண்டைக்குள் அப்பா பல்பு வைத்தாரே, அது மட்டும் எரிகிறது. அதில் கடல்தானே அதிகம்? என் கையும் பேப்பரும் நீலமாக இருக்கின்றன. எழுத்து கோணலாகப் போனால் திட்டாதே. அம்மா எனக்குப் பக்கத்தில் பாயில் படுத்திருக்கிறாள். உள்ளறைக் கதவு சாத்தியிருக்கிறது. அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. நம் அப்பா படுத்தால் மாடி வீட்டுக்காரர் காலையில் வந்து, ராத்திரி உங்க வீட்டுல மோட்டார் ஓடிச்சா என்று கேட்பாரே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது குறட்டையே கிடையாது. அதனால் உள்ளே இருப்பவர் தூங்குகிறாரா, விழித்திருக்கிறாரா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

நீ சிரிப்பாய். போன தடவை ஃபோனில் நான் மெதுவாக, அப்பா முன்ன மாதிரி இல்லை என்று சொன்னபோதும் சிரித்தாய். அப்பா திருந்திட்டார்னு உனக்குப் பொறாமையா என்று கேட்டாய். அதனால்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

உன் மேசையை ஹாஸ்டலுக்கு அனுப்பிய பிறகு அந்த மூலை வெறிச்சென்று இருந்தது. சுவரில் ஈரம் ஏறி, படம் வரைந்ததுபோல ஒரு கறை. அம்மாவுக்கு அதைப் பார்த்தாலே கண் கலங்கும். ஈரத்தைப் பார்த்தா, நீ இல்லாததைப் பார்த்தா என்று சொல்ல மாட்டாள். அப்பாதான், இதை ஊர் சுற்றும் மூலையாக மாற்றிவிடலாம் என்றார். லிஃப்ட் போடப் போன ஒரு பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்டிருந்த சுவர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து கறையின் மேல் மாட்டினார். பரணில் கிடந்த பெட்டிகள் மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி அதன் மேல் உருண்டையை வைத்தார். நீ லீவில் வந்தபோது அதுவரைதான் முடிந்திருந்தது. அப்புறம் வட்டக் கண்ணாடியைச் சுற்றி அம்மா கயிறு ஒட்டிக் கப்பல் ஜன்னல் மாதிரி ஆக்கினாள். நான் ஒரு கொடி கட்டி, அப்பா கொண்டு வரும் டிக்கெட்டுகளைத் துணி கிளிப்பால் மாட்டினேன். ஊர் ஊராகப் போய் லிஃப்ட் மாட்டுகிற மனுஷன் வீட்டில் இப்படி ஒரு மூலைகூட இல்லாவிட்டால் எப்படி என்று கீழ் வீட்டுத் தையல்காரம்மாவும் மெச்சினாள்.

மூலைக்கு வேண்டிய எதையும் காசு கொடுத்து வாங்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. வாங்கினால் அது சாமான், கிடைத்தால்தான் ஞாபகம் என்பார். லாட்ஜ் சாவியில் தொங்கும் பித்தளை வில்லை, கிழிந்த பஸ் டிக்கெட், ஒரு கூழாங்கல், இப்படித்தான் ஒவ்வொன்றும் வந்தது.

குண்டூசி விஷயம் உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. தையல்காரம்மா கொடுத்த தலை உருண்ட ஊசிகள். அப்பாவுக்குச் சிவப்பு, அம்மாவுக்கு மஞ்சள், உனக்குப் பச்சை, எனக்கு நீலம். ஊருக்குப் போகிறவர் போகும் இடத்தில் தன் ஊசியைத் தானே குத்த வேண்டும். திரும்பி வந்ததும் தானே எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தோம். ஆனால் ஒரு தடவை அப்பா கொட்டும் மழையில் நனைந்து வந்து, அம்மா நீட்டிய துண்டைக்கூட வாங்காமல் நேரே மூலைக்குப் போய் ஊசியைப் பிடுங்கிவிட்டு, இப்பதான் வந்து சேர்ந்தேன் என்றார். அதற்குப் பிறகு அது எங்களுக்கு விளையாட்டாகப் படவில்லை.

கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய கட்டடத்தில் பழைய லிஃப்டைக் கழற்றிப் புதிதாக மாட்டும் வேலை என்று அப்பா கிளம்பினார். வரைபடத்தில் நீலம் தொடங்கும் ஓரத்தில் சிவப்பு ஊசியைக் குத்தினார். என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனார்.

ஒரு நாள் சாயங்காலம் பெல் அடித்தது.

அக்கா, அப்பா பெல் அடிப்பாரா? அந்த பெல்லை மாட்டியதே அவர்தான். ஊராருக்குத்தான் பெல், வீட்டு ஆளுக்கு எதுக்கு என்று ஒரு நாள்கூட அதைத் தொட்டதில்லை. சாவி பையில் இருந்தாலும் திறக்க மாட்டார், யாராவது வந்து திறக்க வேண்டும். இரண்டு தட்டு, அப்புறம் சாவியால் கதவில் ஒரு கீறல். அம்மா பெயிண்ட் போகிறது, பெயிண்ட் போகிறது என்று கத்தியும் கேட்டதில்லை. கதவில் பள்ளமே விழுந்திருக்கிறதே.

அன்று பெல் அடித்தவர் அப்பாவின் முகத்தோடு வாசலில் நின்றார். அப்பாவின் சட்டை, அப்பாவின் பை. உள்ளே வந்து செருப்பைக் கழற்றினார். மூலையைப் பார்த்தார். விருந்தாளி பார்ப்பதுபோல இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே, யாரு பண்ணினது?" என்றார். அப்பா எப்போதும் செய்யும் கிண்டல் என்று நினைத்து நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தார்.

அவரை அப்பா என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வந்தவர் என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

வந்தவர் எனக்கு ஒரு விமானப் பொம்மை கொண்டு வந்திருந்தார். அட்டைப் பெட்டியில், விலைச் சீட்டோடு. அதை மூலையில் வைத்தார். அவர் நகங்கள் சுத்தமாக இருந்தன. அப்பாவின் நக இடுக்கில் கல்யாணத்தன்றுகூட கிரீஸ் இருந்தது என்று அம்மா சொல்வாளே. ஓய்வாக இருந்திருப்பார், கை வெளுத்திருக்கும் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அவர் மறதிக்காரராக இருந்தால் நான் இவ்வளவு பயப்பட மாட்டேன். தலையில் அடிபட்டிருக்கும் என்று நினைத்திருப்பேன். அவர் எதையும் மறப்பதில்லை. உன் பிறந்தநாளுக்கு விடிந்ததும் முதல் ஆளாகக் கூப்பிட்டாரே, நீகூட அழுதுவிட்டாய். அப்பா என்றைக்கு நம் பிறந்தநாளை ஞாபகம் வைத்திருந்தார்? அம்மா நாலு தடவை ஜாடை காட்டினால்தானே அவருக்கு உறைக்கும்? நம் அப்பா மறக்கிற எல்லாமே இவருக்கு நினைவிருக்கிறது. அம்மாவின் மாத்திரை, என் டெஸ்ட், தண்ணீர் வரும் நேரம். உன்னைக் கலெக்டரம்மா என்கிறார், என்னை எலி என்கிறார். ஒருவரிடமும் சத்தம் போடுவதில்லை. இந்த மூலை மட்டும்தான் அவருக்குத் தெரியாமல் இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்து அனுப்பியவர்கள் இதை மட்டும் விட்டுவிட்டதுபோல.

அதனால் அவர் படிக்க ஆரம்பித்தார். நிஜமாகத்தான் சொல்கிறேன், பரீட்சைக்குப் படிப்பதுபோல. நாற்காலியை இழுத்துப் போட்டு மூலைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு டிக்கெட்டாகப் பார்ப்பார். பார்த்து முடித்ததை உதடு அசையச் சொல்லிப் பார்ப்பார். இது எங்கே கிடைத்தது என்று அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்பார். அப்புறம் ஒரு நாள் தையல்காரம்மா வந்தபோது அந்தப் பித்தளை வில்லையின் கதையைச் சொன்னார். லாட்ஜ்காரன் அப்பாவைத் திருடன் என்று நினைத்துத் துரத்திய கதை. அப்பா சொல்வதுபோலவே, அப்பா நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, அப்பா தொடையில் தட்டும் இடத்தில் தட்டி. தையல்காரம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சிவப்பு ஊசியை மட்டும் அவர் தொடவில்லை. தினமும் மூலையைத் துணியால் துடைக்கிறார். வரைபடத்தைத் துடைக்கும்போது துணி அந்த ஓரத்தைச் சுற்றிப் போகும். வந்த மூன்றாம் நாளோ என்னவோ அம்மா, என்னங்க, ஊர் வந்து சேர்ந்தாச்சு, ஊசியை எடுக்க மறந்துட்டீங்களே என்று கேட்டாள். அவர் சாதாரணமாக, "அது என்னோடது இல்ல. இருக்கட்டும்" என்றார்.

அம்மா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நெடுநேரம் குழாயைத் திறந்துவிட்டபடியே நின்றாள்.

அப்புறம் ஒரு நாள் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தவர், அந்தச் சாவிப் பள்ளத்தில் விரலை வைத்து மேலும் கீழும் தடவினார். இது என்ன கீறல் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு, பீரோவைத் தூக்கி வந்தவங்க இடிச்சது என்றாள். அம்மா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்.

இன்று சாயங்காலம் நடந்ததைக் கேள். மறுபடியும் பெல். திறந்தால் ஸ்பேனர் மாமா. அப்பாவோடு கூடவே வேலைக்குப் போவாரே, அவர்தான். குழந்தைக்குக் காய்ச்சல் என்று நடுவில் ஊருக்கு வந்தாராம், வீட்டுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தாராம். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொன்றைக் கழற்றிக்கொண்டே என் கையில் ஒரு பொருளை வைத்தார். பழைய லிஃப்டில் இருந்து கழற்றிய பொத்தான். எண் பாதி தேய்ந்திருக்கிறது. கிரீஸ் பிசுபிசுக்கிறது. உங்கப்பா உன் மூலைக்குக் கொடுத்து விட்டார் என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "காலையில அண்ணன்கூடதான் டீ குடிச்சேன் அண்ணி. இன்னும் ஒரு மாடி வேலை பாக்கி. வீட்டுல யாரும் ஃபோனே எடுக்கறதில்லன்னு ஒரே புலம்பல்" என்றார்.

எங்கள் பின்னால் துடைக்கும் துணியோடு வந்தவர் வந்து நின்றார். "யாரு, ஸ்பேனரா? உள்ள வாப்பா, டீ குடிச்சிட்டுப் போ" என்றார்.

ஸ்பேனர் மாமா அவர் முகத்தைப் பார்த்தார். அம்மா முகத்தைப் பார்த்தார். எவ்வளவு வாயாடி அவர், உனக்குத் தெரியும். ஒன்றும் பேசாமல் திரும்பி மாடிப்படியில் இறங்கினார். ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக அவர் இறங்கும் சத்தம் அடிவரை கேட்டது. அந்த ஒற்றைச் செருப்பு இன்னும் நம் வாசலில் கிடக்கிறது. நான் பொத்தானைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

வந்தவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். கோபமே இல்லை. நாளைக்கு விடிவதற்கு முன்னால் எல்லோரும் கிளம்புகிறோம் என்றார். ரொம்ப நாளாக அம்மா எங்கேயும் போகவில்லையாம், பாவமாம். உருண்டையை இறக்கித் தரையில் வைத்துவிட்டு மூன்று பெட்டிகளையும் எடுத்துத் தூசி தட்டினார். பெரியது அவருக்கும் அம்மாவுக்கும், நடுவானது எனக்கு, சின்னது கலெக்டரம்மாவுக்கு என்றார். அழகுக்காக அடுக்கி வைத்த பெட்டிகள் அக்கா. அதற்குள் இப்போது நம் துணிகள் இருக்கின்றன. உன் பழைய சுடிதாரும்கூட.

அம்மா மஞ்சள் ஊசியை எடுத்துக்கொண்டு வரைபடத்தின் முன்னால் போய் நின்றாள். எங்கே குத்தணும், ஊர் பேரைச் சொல்லுங்க என்றாள். அவர் வரைபடத்தை மேலிருந்து கீழே பார்த்தார். "நாம போற ஊர் இதுல இல்ல" என்றார். பிறகு உன் பச்சை ஊசியைப் பிடுங்கினார். நம் வீட்டில் யாரும் அடுத்தவர் ஊசியைத் தொட்டதில்லை. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவளை வழியில கூட்டிக்கலாம், இனிமேல் இது எதுக்கு என்றார்.

அவர் குளிக்கப் போனபோது அம்மா கப்பல் ஜன்னல் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நின்று கையைத் திறந்து பொத்தானைக் காட்டினேன். அம்மா கண்ணாடியில் அதைப் பார்த்தாள். வாருவதை நிறுத்தவில்லை. "தெரியும்டி. கதவைத் திறந்த அன்னிக்கே தெரியும். நீ சத்தம் போடாதே. உங்கப்பா வர்றவரைக்கும் இவருக்கு நம்மளைப் பிடிச்சிருக்கணும்" என்றாள்.

அக்கா, இத்தனை நாளும் அம்மா அவருக்குச் சிரித்துச் சிரித்துச் சாப்பாடு போட்டதை நினைத்துப் பார்க்கிறேன். அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்து நான் அவளோடு பேசாமல்கூட இருந்தேன்.

படுக்கும்போது என் தலையணைக்கு அடியில் ஒரு உறை இருந்தது. ஸ்டாம்ப் ஒட்டி, உன் விலாசம் எழுதி. அம்மா கையெழுத்து. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காலையில் இறங்கும்போது தையல்காரம்மா கதவுக்கு அடியில் இதைத் தள்ளிவிடுவேன். அவள் தபாலில் சேர்த்துவிடுவாள். நாங்கள் வருவதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அப்பாவின் நம்பர் உன்னிடம் இருக்கிறது. என்னுடைய ஃபோன் லிஃப்ட் குழியில் விழுந்துவிட்டது, அம்மா நம்பருக்கே கூப்பிடு என்று வந்தவர் உன்னிடம் சொன்னார் அல்லவா? அந்தப் பழைய நம்பருக்குக் கூப்பிடு. எடுத்தவரிடம், சிவப்பு ஊசி எங்கே குத்தியிருக்கிறது என்று கேள். சரியாகச் சொன்னால் ஓடி வரச் சொல்.

உன் ஹாஸ்டலுக்கு யாராவது வந்து, அப்பா வந்திருக்கிறேன், அம்மாவும் எலியும் கீழே காத்திருக்கிறார்கள் என்று சொன்னால் போகாதே. நானே நின்று கையசைத்துக் கூப்பிட்டாலும் வராதே. நான் அழுதாலும் வராதே. உன் அறைக் கதவை இரண்டு தட்டுத் தட்டி, சாவியால் கீறினால் மட்டும் திற. அந்தக் கீறல் என்னவென்று அவருக்குத் தெரியாது. அதை மட்டும் அம்மா அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பச்சை ஊசி இருந்த ஓட்டையில் என் நீல ஊசியைக் குத்தி வைத்திருக்கிறேன். அவர் எங்கே கூட்டிப் போனாலும் நான் போக வேண்டிய ஊர் நீ இருக்கும் ஊர்தான். வந்து சேர்ந்தால் நானே எடுத்துக்கொள்கிறேன். அதுவரை யாரும் தொட வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு அக்கா. நைட் ட்யூட்டியில் தனியாக நடக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும். எங்களுக்கு என்ன ஆனாலும் நீ

அக்கா, வாசல் கதவை யாரோ தட்டுகிறார்கள். பெல் இல்லை. இரண்டு தட்டு. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள், என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைக்கிறாள். உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. இத்தனை நாளில் ராத்திரியில் அங்கிருந்து வரும் முதல் சத்தம். சாவிச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் அவர் எழுந்து வருவதற்குள் ஓடிப்போய்த் தாழ்ப்பாளை எடுத்துவிடுவேன். கேட்காவிட்டால்